லிஸ்பனுக்குக் கொண்டுபோன உப்பு

அக்டோபர் 14, சனி

லிஸ்பன் வந்தாயிற்று. லிங்கதுரை அண்ணாச்சியின் பெட்டி வரவில்லை.

எல்லாரும் அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனபிறகும், சுற்றிக்கொண்டிருந்த காலி பெல்ட்டையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். "டே கிளாட்வின், சாம்பார்பொடி, புளி, கருவாடு எல்லாம் அதுக்குள்ளதான கெடக்கு. என் வேட்டியும் அதுலதான்டே." கவுன்டரில் இருந்த பெண், பெட்டிக்குள் என்னென்ன என்று கேட்டாள். துணி, உணவு என்றேன். "கருவாட்ட தனியாச் சொல்லுடே, அப்பதான் தேடுவாக" என்று அண்ணாச்சி என் முதுகில் குத்தினார். சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். புதிய கிரேன்கள் வருகின்றன. அவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளைப் படிக்க என்னையும், இயந்திரப் பகுதியைப் படிக்க அவரையும் மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு ஐம்பது வயது, சர்க்கரை, எல்லாவற்றுக்கும் பயம். எனக்கு இருபத்தேழு வயது, பொறுமை இல்லை. நல்ல ஜோடி.

தங்குவதற்குச் சமையலறையோடு சின்ன வீடு. மூன்றாம் மாடி. தெரு, ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி இருக்கிறது. நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கல். தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. இதை எந்தப் பொறியாளர் ஒப்புக்கொண்டான் என்று தெரியவில்லை.

அக்காவின் பொட்டலம் பத்திரமாக இருக்கிறது. லேப்டாப் பையில், சார்ஜர் வைக்கும் இடத்தில்.

இதைக் கொஞ்சம் எழுதிவைக்க வேண்டும். டெல்பின் அக்காவுக்கு இப்போது ஏழாம் மாதம். இதற்குமுன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை கருப்பைவாயில் தையல் போட்டு, கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் வைத்து, எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் கப்பலில் இருக்கிறார். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் லிஸ்பன் போகிறேன் என்றதும், உவரியில் இருக்கிற நம் அந்தோணியார் பிறந்தது லிஸ்பனில்தான் என்று கண்டுபிடித்தது அவள்தான். பிறந்த இடத்திலேயே கோயில் இருக்கிறதாம்.

எங்கள் பக்கத்தில் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டால், அவருடைய நாளான செவ்வாய்க்கிழமையில் உப்பும் மிளகும் கொண்டுபோய்ப் பாதத்தில் கொட்டுவார்கள். கிளம்புகிற அன்று கல்லுப்பும் மிளகுமாக ஒரு பொட்டலம் தந்தாள். முந்தின இரவு முழுவதும் அதை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டே படுத்திருந்தாளாம். "என்னால நடக்க முடியாதுல. நீ எனக்காகப் போ. செவ்வாக்கெழம போ, என்ன?" என்றாள். வாசலில் டாக்சிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சரிக்கா என்றேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

காலையில் அண்ணாச்சி சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டார். போட்டபிறகுதான் சாப்பிட ஒன்றும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. வீட்டுக்காரர் அலமாரியில் முட்டையும் எண்ணெயும் வைத்திருந்தார். உப்பு இல்லை. தெருமுனைக் கடை திறக்கவில்லை. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்தேன். கரண்டியின் பின்பக்கத்தால் நுணுக்கி முட்டையில் போட்டேன். மிளகும் சேர்ந்தே இருந்ததால் வேலை மிச்சம். அவசரத்துக்குச் செய்ததில் தப்பில்லை. உப்பு என்பது சோடியம் குளோரைடு. ஒரு சிட்டிகை குறைந்தால் பொட்டலத்துக்கு ஒன்றும் ஆகாது.

"ஏய், இது நம்மூரு உப்புல்லா! கடிச்சாலே தெரியுதே" என்றார் அண்ணாச்சி. முகம் தெளிந்துவிட்டது. "அம்மா குடுத்துவிட்டாகளா?"

"ம்."

"மவராசி. எனக்கு உசிரு வந்துட்டு."

பிறகு ஊர் சுற்றினோம். ஆறு கடல் மாதிரி இருக்கிறது. எதிர்க்கரையைப் பார்த்து, "இது கடல்தான்டே, உனக்குத் தெரியாது" என்று கடல் ஊர்க்காரனான என்னிடமே சாதித்தார். வீட்டுச் சுவரெல்லாம் நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்திருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு அது பெரிய ஏமாற்றம். "பாத்ரூமுக்கு ஒட்டுத ஓட்ட வாசல்ல ஒட்டிருக்கானுவ." பழைய மஞ்சள் ட்ராம் ஒன்று வளைவில் வீட்டுச் சுவரை உரசுகிற மாதிரிப் போயிற்று. பிரேக்குக்குத் தண்டவாளத்தில் மணல் தூவுகிறார்கள். அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் மணியடித்துத் திட்டினார்.

கோயில்கள் நிறைய. எது எதுவென்று கேட்கவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

பயிற்சி தொடங்கியது. சொல்லித்தருகிறவள் பெயர் இனெஸ். என் வயதுதான் இருக்கும். வருகைப் பதிவில் "கிளாட்வின் மச்சாது" என்று படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நீ போர்ச்சுக்கீசியனா என்றாள். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஆட்கள் எங்கள் கடற்கரைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, இங்கே தெருவுக்கு நாலு மச்சாது உண்டு, அதற்குக் கோடரி என்று அர்த்தம் என்றாள். அண்ணாச்சிக்கு நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் "ஏ கோடாலி" என்றே கூப்பிட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கும் முட்டைதான். கடையிலிருந்து ரொட்டி, தக்காளி, வெங்காயம் எல்லாம் வாங்கி வந்தேன். உப்பு வாங்க மறந்துவிட்டது. இருக்கிறதையே போட்டேன்.

அக்காவின் மெசேஜ்: "நாளைக்குச் செவ்வாய்."

அக்டோபர் 17, செவ்வாய்

வகுப்பு மூன்றரைக்கே முடிந்தது. இனெஸ் ஒரு விஷயம் சொன்னாள். 1755இல் இந்த ஊர் பூகம்பத்தில் தரைமட்டமான பிறகு, திரும்பக் கட்டும்போது சுவருக்குள்ளே மரத்தில் கூண்டு மாதிரிச் சட்டம் வைத்துக் கட்டினார்களாம். ஆடினாலும் விழாது. முதலில் மாதிரிக்கு ஒன்று செய்து, சிப்பாய்களைச் சுற்றிலும் கால் உதைத்து நடக்கவிட்டுச் சோதித்தார்களாம். சோதனை மேடை! இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால்! பழைய கட்டடம் ஒன்றில் சுவரைத் திறந்து அந்தச் சட்டத்தை வைத்திருப்பதாகவும், இன்று பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

போனேன். குறுக்குச் சட்டங்கள், மூலைவிட்டங்கள், இணைப்புகள். கையால் தடவிப் பார்த்தேன். வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. போனில் அக்காவின் மெசேஜ் மூன்று.

இன்று காலை முட்டையோடு பொட்டலத்தில் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. முட்டைக்குப் போட்டது போக மிச்சத்தைச் சாமிக்குக் கொண்டுபோவது அதைவிட மோசம். அந்த வகையில் போகாமல் இருப்பதுதான் நேர்மை. அங்கே போனாலும் சுற்றுலாக்காரர்கள் மத்தியில் குனிந்து உப்பைக் கொட்டினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

இணையத்திலிருந்து அந்தோணியார் கோயிலின் படம் ஒன்று எடுத்தேன். வாசலும் தெருவும் தெரிகிற படம். கைபேசியில் எடுத்தது மாதிரி ஓரத்தை வெட்டி, கொஞ்சம் சாய்த்து அனுப்பினேன். "போட்டாச்சுக்கா."

உடனே பார்த்துவிட்டாள். பதில் வர நேரமாயிற்று. "சரிடா" என்று மட்டும்.

பிரச்சினை முடிந்தது.

அக்டோபர் 18, புதன்

பொட்டலத்தில் மிச்சமிருந்ததும் காலை முட்டையோடு தீர்ந்தது. உப்பு வாங்கிவிட்டேன். தூளுப்பு.

அக்டோபர் 20, வெள்ளி

அம்மா கூப்பிட்டாள். படத்தை எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாளாம். சாமியார் கைகூப்புகிற பொம்மை போட்டாராம். தெருவில் யார் பார்த்தாலும் கேட்கிறார்களாம். "ஒம்மகன் கொண்டுபோயி சேத்துட்டானாமேன்னு மெர்சி சித்தி அழுதாடா. அவ மகன் துபாய்ல இருந்து ஒரு போன்கூடப் பண்ணமாட்டேங்கான்."

அக்கா எப்படி இருக்கிறாள் என்றேன்.

"நல்லாருக்கா. இப்பல்லாம் அதிகமாப் பேசமாட்டேங்கா. நீ போட்ட உப்புக்கு எட்டாம் மாசம் தொட்டுட்டான்னா போதும்யா. அதுக்கப்பறம் பிள்ள வந்தாலும் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பொழைக்க வச்சுருவாகளாம்."

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். வேலை எதுவும் இல்லை.

அக்டோபர் 21, சனி

மலைமேல் ஒரு பெரிய மடாலயம். பூகம்பத்தில் கூரை போயிற்று. திரும்பப் போடாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். வளைவுகள் மட்டும் மீன் முள் மாதிரி நிற்கின்றன, நடுவே வானம். பார்க்க நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அண்ணாச்சி கீழேயே ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். முட்டைக்கரு வைத்த சின்னப் பலகாரம் ஒன்றை சர்க்கரை நோயை மறந்துவிட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

பூகம்பம் நவம்பர் முதல் தேதி காலையில் வந்ததாம். அனைத்துப் புனிதர் திருநாள். ஊரே பூசையில் இருந்திருக்கிறது. கோயில்கள் எல்லாம் ஜனங்கள் தலையில் விழுந்தன. இது எனக்குக் கிடைத்த நல்ல வாதமாகப் பட்டது. அக்காவைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. நான்கு நாளாக அவள் ஒன்றும் கேட்காமல் இருந்தது என்னவோ மாதிரி இருந்தது.

"பாரேன்க்கா, அந்தோணியார் சொந்த ஊரையே காப்பாத்தல. கோயிலுக்குப் போனவன்தான் செத்தான். வீட்டுல தூங்குனவன் பொழைச்சான்."



"அந்தோணியார் கோயில்ல கீழ ஒரு அறை இருக்குமே" என்றாள். "அது?"

"எது?"

"அவர் பொறந்த எடம். அது விழுந்துச்சா, நின்னுச்சா?"

"அது... சரியா ஞாபகம் இல்ல. கூட்டமா இருந்துச்சு."

"சரில" என்றாள். "வெயில்ல சுத்தாத."

இங்கே வெயிலே இல்லை.

அக்டோபர் 23, திங்கள்

அண்ணாச்சியின் பெட்டி வந்துவிட்டது. ஏதேதோ ஊரெல்லாம் சுற்றிவிட்டு, பூட்டு உடையாமல். திறந்ததும் அவர் வேட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீடு முழுக்கக் கருவாட்டு வாசம்.

"உவரி அந்தோணியார் பொறந்த ஊருல்லாடே இது. காணாமப் போனதக் கண்டுபிடிச்சுத் தாரவரு. பெட்டி வந்துட்டுன்னா உப்பு மிளகு போடுதேன்னு அன்னைக்கே நேந்துக்கிட்டேன். நாளைக்குச் செவ்வாதான? ரெண்டுபேருமாப் போயிட்டு வந்துருவோம்." இவர் நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே கிளம்பாத ஆள்.

பெட்டிக்குள் மிளகு இருந்தது. உப்பு இல்லை.

"உங்கிட்ட இருந்த கல்லுப்ப எடு."

"தீந்துட்டு அண்ணாச்சி. தூளுப்பு இருக்கு."

"தூளுப்பப் போயி எப்டிடே போடுதது? கொஞ்சங்கூட இல்லியா? கவரு எங்க, தட்டிப் பாப்போம்." பேசிக்கொண்டே போனவர் நின்றுவிட்டார். "ஏல. அந்த உப்புல மிளகு கெடந்துச்சே. முழு மிளகு."

நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

"உங்கக்கா முழுகாம இருக்கான்னுல்லா சொன்ன."

"ஆமா."

"கிளாட்வின். இங்க என்னையப் பாரு. ஏல, நேந்த உப்பையா முட்டையில போட்டு எனக்குத் தந்த?"

"அன்னைக்கு உங்களுக்குக் கை நடுங்கிச்சு. மாத்திரை போட்டிருந்தீங்க. வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"அன்னைக்குச் சரி. அடுத்தநாளு? அதுக்கடுத்த நாளு? கடை தொறந்துதான கெடந்துச்சு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வயித்துப் பிள்ளைக்காரி நேந்தத நான் ருசிபாத்துத் தின்னுருக்கேன். மவராசின்னு வேற சொன்னேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கருவாட்டை அவர் வறுக்கவில்லை. நானும் எதுவும் சாப்பிடவில்லை. பசி இல்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 24, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா வீடியோவில் வந்தாள். அங்கே சாயங்காலம். செவ்வாய்க்கிழமை ஜெபத்துக்கு வந்த பெண்கள் அக்காவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி நிலையத்தின் வராந்தாவில் தட்டோடு நின்றேன்.

"எல்லாரும் கேக்காங்கய்யா. எப்டிப் போட்டன்னு நீயே ஒன் வாயால சொல்லு" என்றாள் அம்மா.

"போனேன்... போட்டேன்."

"இவன் ஒருத்தன், நறுக்குன்னு பேசுவான். விவரமாச் சொல்லு தம்பி, நாங்கெல்லாம் எங்க அங்க வரப்போறோம்?" என்றாள் மெர்சி சித்தி.

அப்போது படுத்தபடியே அக்கா பேசினாள்.

"அவனுக்குச் சொல்லத் தெரியாது சித்தி. எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டான். நான் சொல்லுதேன். மஞ்ச ட்ராம்ல ஏறிப் போயி, பெரிய கோயிலுக்குக் கொஞ்சம் முன்னாடியே எறங்கணும். அந்தோணியார் கோயில் சின்னதுதான். உள்ள போயி, பக்கத்து அறை வழியாப் படி எறங்கணும். கல்லுப் படி. இவன் நெட்டையன்லா, குனிஞ்சு போனானாம். அப்டித்தானல?"

"ஆமாக்கா."

"கீழ ஒரு சின்ன அறை. அதுதான் அவர் பொறந்த எடம். பூகம்பத்துல மேல இருந்த கோயில் பூரா விழுந்துட்டு. கீழ அந்த அறை மட்டும் அப்டியே நின்னுட்டு. பொறகு ஊர்ப் பிள்ளைங்க தெருத்தெருவாப் போயிக் காசு கேட்டு மேல கோயிலத் திரும்பக் கட்டுனாங்களாம். இதெல்லாம் அங்க ஒரு அம்மா இவனுக்குச் சொல்லிருக்காங்க."

பெண்கள் "சேசுவே" என்றார்கள்.

"உப்ப எங்க போட்டான்க்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அக்கா போனுக்குள் என்னைப் பார்த்தாள். "பீடத்துக்குக் கீழ, எடது பக்கம்னுதான சொன்ன?"

"ஆமாக்கா. எடது பக்கம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்குப் பின்னால் கதவோரம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வகுப்பு முடிந்ததும் அவர் மட்டும் தனியாகக் கோயிலுக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை என்றாள்.

"எப்பக்கா தெரியும்?"

"போட்டோ அனுப்புன அன்னைக்கே. தெரு பூரா காகிதத் தோரணம் தொங்குது. அது ஜூன் மாசத் திருநாளுக்குக் கட்டுறது. அக்டோபர்ல யாருல கட்டுனா?"

நான் தோரணத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தை வெட்டினேன், சாய்த்தேன், வெளிச்சத்தைக் குறைத்தேன். தோரணத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் அன்னைக்கே கேக்கல?"

"அதுக்குள்ள அம்மா ஊருக்கெல்லாம் அனுப்பிட்டாங்க. அவங்க மூஞ்சியப் பாத்தேன். விட்டுட்டேன்." பிறகு, "உப்பு எங்கல?" என்றாள்.

சொன்னேன்.

"முட்டையிலயா?" சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகாவது நான் வாயை மூடியிருக்கலாம். "அக்கா, நீ கணக்கு டீச்சர். ஒரு பொட்டலம் உப்புல என்ன இருக்குன்னு..."

"எனக்குத் தெரியாதால? முந்தின ரெண்டுக்கும் உவரிக்கே போயி என் கையாலதான் போட்டேன். என்ன ஆச்சு? உப்பு பிள்ளையத் தாங்கிப் பிடிக்காதுன்னு எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்." மூச்சு வாங்கினாள். "பாத்ரூம் போகக்கூட அம்மா வரணும். சுவரப் பாத்தே கெடக்கேன். அந்தச் செவ்வாக்கெழம பூரா போன்ல மேப்பத் தொறந்து வச்சுக்கிட்டு, இப்ப ட்ராம்ல ஏறிருப்பான், இப்ப எறங்கிருப்பான், இப்ப படியில போவான்னு நெனைச்சுக்கிட்டே கெடந்தேன். அன்னைக்கு ஒருநாள்தான் நானும் இந்தக் கட்டில விட்டு எறங்கி நடந்தேன்னு வச்சுக்கோ. ஒன்கிட்ட அந்தோணியாரா கேட்டாரு? நான்லா கேட்டேன்."

மன்னிச்சிருக்கா என்று சொல்லத்தான் நினைத்தேன். "சிக்னல் சரியில்ல" என்றேன்.

"அம்மாகிட்ட சொல்லிராத" என்று சொல்லிவிட்டு அவளே வைத்தாள்.

அக்டோபர் 26, வியாழன்

அக்கா சாப்பிட்டியா என்று மெசேஜ் அனுப்பினாள். எப்போதும்போல. திட்டியிருந்தால் பதில் எழுதியிருப்பேன்.

அக்டோபர் 28, சனி

காலையில் அம்மா. பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம். பனிக்குடம் உடைந்துவிட்டது. நாள் இன்னும் நிறைய இருக்கிறது. எதுவும் சொல்லமுடியாது என்கிறாராம் டாக்டர்.

வீட்டில் உட்காரமுடியவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் தேவையில்லாமல் பேசியதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "எந்திரி" என்றார். கீழே ஒரு வங்காளதேசக்காரரின் கடையில் கல்லுப்பும் முழு மிளகும் அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். "நான் வரல. இது நீ போகவேண்டியது."

மஞ்சள் ட்ராம். பெரிய கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினேன்.

வாசலில் கல்யாணக் கூட்டம். மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வர, எல்லாரும் கை நிறைய அரிசியை எடுத்து அவர்கள்மேல் எறிந்தார்கள். தொப்பி போட்ட ஓர் அம்மாள், என் கையில் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, எறி எறி என்று கையைக் காட்டினாள். மாட்டேன் என்று தலையசைத்தேன். ஏன் இந்த ஆள் இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுகிறான் என்று நினைத்திருப்பாள். பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கூட்டம் கலையும்வரை அரிசியின்மேல் நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் நான் பயந்தது இந்தப் பார்வைக்குத்தான்.

உள்ளே, பக்கத்து அறை வழியாகப் படி. கல்லுப் படி. குனிந்துதான் போகவேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் அக்கா சொன்னது மாதிரியே இருந்தது. அவள் இங்கே வந்துபோயிருக்கிறாள், நான்தான் வந்ததில்லை.

முழங்கால் போட்டு, பீடத்துக்குக் கீழே இடது பக்கம் கொட்டினேன். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. அக்காவின் பெயரைத்தான் சொன்னேன்.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் துடைப்பத்தோடு இறங்கி வந்தாள். உப்பைப் பார்த்தாள். என்ன இது, இங்கெல்லாம் போடக்கூடாது என்று கையால் சொன்னாள். ஆங்கிலத்தில் அக்கா, பிள்ளை, ஆஸ்பத்திரி என்று மூன்று வார்த்தைதான் எனக்கு வந்தது. மென்பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் நாள் முழுக்கப் பேசுகிறவன் நான். ப்ளீஸ் என்றேன். கைகூப்பினேன். அவளுக்குக் கைகூப்புவது புரிந்திருக்க வேண்டும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும், பிறகு நான் எடுத்துவிடுவேன் என்பதை விரலாலும் கண்ணாலும் சொன்னாள். உட்கார்ந்தே இருந்தாள். பிறகு எழுந்து, சொன்னபடி முறத்தில் வாரிக்கொண்டு போனாள். ஒரு மிளகு உருண்டு ஓரமாகப் போயிருந்தது. அதையும் குனிந்து எடுத்தாள்.

படம் எடுக்கவில்லை.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். ஆபரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள். பெண் குழந்தை. உள்ளங்கையில் வைக்கிற அளவுதானாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அக்கா மயக்கத்தில் இருக்கிறாள். "பாத்தியாய்யா, அன்னைக்கு நீ போட்ட உப்புதான்யா இப்ப வந்து நின்னுருக்கு" என்று அம்மா கதறினாள். அண்ணாச்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்வதற்குமுன் அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

அக்டோபர் 30, திங்கள்

அண்ணாச்சி கருவாடு வறுத்தார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

நவம்பர் 1, புதன்

அனைத்துப் புனிதர் திருநாள். இங்கே விடுமுறை. தெருவில் பூங்கொத்தோடு கல்லறைக்குப் போகிறார்கள். மூலையில் ஒருவர் உப்புப் போட்டுக் கஷ்கொட்டை சுட்டு விற்கிறார். புகை தெரு முழுக்க நிற்கிறது.

அக்கா முதல்முறையாகப் பிள்ளையைப் பார்க்கப் போனாளாம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அங்கிருந்தே வீடியோவில் கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது. கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். வயர், குழாய், நடுவில் ஒரு சிவப்பு முஷ்டி.

சனிக்கிழமை அங்கே போனேன் என்று சொல்வதற்காகத்தான் காலையிலிருந்து இந்த அழைப்புக்குக் காத்திருந்தேன். படியில் குனிந்ததை, அரிசியை, துடைப்பத்தைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாக நினைத்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோதுதான், இது எல்லாமே அவள் அன்றைக்குப் பெண்களிடம் சொன்ன கதை மாதிரியே இருக்கிறது என்பது உறைத்தது. சொல்லவில்லை.

"ஏல, பக்கத்துல பெட்டியில நம்பரு ஓடுதுல்லா, அது என்னன்னு தெரியுதா? நர்சுகிட்ட கேட்டா, எல்லாம் நல்லாருக்கும்மான்னு மட்டும் சொல்லுதாங்க. பச்சையில ஒண்ணு, நீலத்துல ஒண்ணு."

இது எனக்குத் தெரிந்த வேலை. கேமராவைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். மேலே இருப்பது இதயத் துடிப்பு, கீழே நீலத்தில் ஓடுவது ரத்தத்தில் இருக்கிற ஆக்ஸிஜன். எண்கள் ஏறி இறங்காமல் நின்றன. அலை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. "நல்லாருக்குக்கா. ஆக்ஸிஜன் சரியான அளவுல நிக்குது. துடிப்பு வேகமா இருக்கேன்னு பயப்படாத, இவ்ளோ சின்னப் பிள்ளைக்கு அப்டித்தான் இருக்கும்."

அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நெஜமாத்தான் சொல்லுதியா?"

"நெஜமாக்கா."

"சரி." போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். எனக்கு ஆஸ்பத்திரிக் கூரை கூடத் தெரியவில்லை, இருட்டுதான். அவள் குரல் மட்டும் கேட்டது. "சிஸ்டர், ஒரு நிமிஷம் வாங்களேன். இந்த நீலத்துல ஓடுறது ஆக்ஸிஜனா? இந்த அளவு போதுமா?"

நர்ஸ் வந்து பார்த்துச் சொன்னாள். நான் சொன்னதையேதான் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் அக்கா மூச்சை விட்டாள்.